எட்டு மாதமாக இரத்தம் போகிறது, மூலம்தான் என்கிறார் அப்பா: பெருங்குடல் புற்றுநோய் எப்படி வளர்கிறது?

காசிமேட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அக்கா, அப்பாவுக்கு 52 வயது. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைத்து மீன் பெட்டி கட்டுகிற வேலை. எட்டு மாதமாக மலத்தோடு இரத்தம் போகிறது. மூலம் என்று மருந்து வாங்கிச் சாப்பிட்டு வந்தார். இப்போது ஹீமோகுளோபின் 7.4 என்று வந்திருக்கிறது. ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி செய்ய வேண்டும் என்கிறார் டாக்டர். அப்பா மாட்டேன் என்கிறார். நேற்றுவரை பெட்டி தூக்கியவருக்குப் புற்றுநோய் திடீரென்று எப்படி வரும்? அப்படியே இருந்தாலும், முன்கூட்டியே தெரிந்துகொண்டு என்ன ஆகப் போகிறது?"

தம்பி, உங்கள் அப்பாவுக்குப் புற்றுநோய் என்று நான் சொல்லவில்லை. இப்போதைக்கு யாரும் சொல்ல முடியாது. மூலமாகவே இருக்கலாம், குடல் புண்ணாகவும் இருக்கலாம். ஆனால் 52 வயது ஆணுக்கு எட்டு மாதம் இரத்தம் போய், ஹீமோகுளோபின் ஏழுக்கு இறங்கியிருக்கும்போது, உள்ளே பார்க்காமல் 'மூலம்' என்று பெயர் சூட்டும் உரிமை எவருக்கும் கிடையாது. அரசு மருத்துவமனை ஒன்றில், குழாய் விட்டு உடலுக்குள்ளே திரையில் பார்க்கும் எண்டோஸ்கோபி அறையில் செவிலியராகப் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் இருந்து வந்தவர்களின் குடலை அந்தத் திரையில் ஆயிரக்கணக்கான முறை பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் 'திடீரென்று' என்ற சொல்லை எடுத்துவிடுவோம். இந்த நோய் திடீரென்று வருவதே இல்லை. பெரும்பாலும் பத்து ஆண்டுகள், சில சமயம் அதற்கும் மேலாக, உள்ளே சிறிது சிறிதாக வளர்ந்த பிறகுதான் புற்றுநோய் என்ற பெயரையே அது பெறுகிறது. திடீரென்று வருவது நமக்குத் தெரிய வரும் நாள் மட்டும்தான்.

பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள குழாய். வலது அடிவயிற்றில் தொடங்கி மேலே ஏறி, வயிற்றின் குறுக்கே போய், இடப்பக்கமாக இறங்கி மலக்குடலில் முடிகிறது. கண்ணால் பார்த்தால் உட்சுவர் ஈரமாக, வழவழப்பாக, இளஞ்சிவப்பாக இருக்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தேன்கூடு போல நெருக்க நெருக்கமாகக் குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் சில ஸ்டெம் செல்கள் உட்கார்ந்துகொண்டு புதிய செல்களைப் பிறப்பித்துக்கொண்டே இருக்கின்றன. பிறந்த செல் குழியின் சுவரோடு மேலே ஏறி, நான்கைந்து நாட்களில் வாய்ப்பகுதிக்கு வந்து உதிர்ந்துவிடும். நாம் தூங்கினாலும் விழித்தாலும் குடலின் உட்பூச்சு இப்படிப் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

ஒவ்வொரு முறை செல் பிரியும்போதும் மரபணு முழுவதும் நகல் எடுக்கப்படுகிறது. இத்தனை நகல் எடுக்கும்போது எழுத்துப் பிழை வராமல் இருக்காது. பெரும்பாலான பிழைகளை உடலே திருத்திவிடும், அல்லது அந்தச் செல்லைச் சாகடித்துவிடும். திருத்தப்படாத பிழை முக்கியமான இடத்தில் விழுந்தால்தான் சிக்கல் தொடங்குகிறது.

நம் பக்கத்து மீன்பாடி வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். செல் வளர்ச்சிக்கு ஏ.பி.சி (APC) என்ற மரபணுதான் பிரேக். பெருங்குடல் கட்டிகளில் ஐந்தில் நான்கு என்ற அளவுக்கு இந்த பிரேக்தான் முதலில் அறுந்திருக்கிறது. பிரேக் போனதும் உதிர வேண்டிய செல் உதிராமல் தங்குகிறது, குவிகிறது. உட்சுவரில் ஒரு சிறு மொட்டு கிளம்புகிறது. அதைத்தான் பாலிப் என்கிறோம். இது புற்றுநோய் அல்ல. அந்த மொட்டு சில ஆண்டுகள் கடுகளவிலேயே நிற்கலாம். பிறகு அதற்குள் இருக்கும் ஏதோ ஒரு செல்லில் கே-ராஸ் என்ற மரபணு கெடுகிறது. அது ஆக்ஸிலேட்டர் அழுந்தி மாட்டிக்கொண்டது போல. மொட்டு வேகமாகப் பெருக்கிறது, பட்டாணி அளவாகிறது, நாவல்பழ அளவாகிறது. கடைசியாக பி-53 என்ற மரபணு கெடுகிறது. பழுதான வண்டியை வழியிலேயே மடக்கி நிறுத்தும் போலீஸ்காரர் வேலையைச் செய்வது அதுதான். பிரேக்கும் இல்லை, வேகமும் குறையவில்லை, மடக்க ஆளும் இல்லை என்ற நிலையில் அந்தச் செல்கள் தங்கள் எல்லையைத் தாண்டிக் குடல் சுவருக்குள் வேர் விடுகின்றன. அந்த நொடியிலிருந்துதான் அது புற்றுநோய்.

இந்தப் படிப்படியான கெடுதலை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஃபியரன், பெர்ட் வோகல்ஸ்டைன் இருவரும் 1990ல் ஒழுங்குபடுத்தி எழுதினார்கள். எல்லாக் கட்டியும் இதே வரிசையில் போவதில்லை, வேறு பாதைகளும் உண்டு. ஆனால் நமக்குத் தேவையான செய்தி ஒன்றுதான்: ஒரு கேடு நடந்து அடுத்த கேடு நடப்பதற்குள் ஆண்டுகள் கடக்கின்றன. அந்த ஆண்டுகளில் எப்போது உள்ளே எட்டிப் பார்த்தாலும் மொட்டைக் கிள்ளி எறிந்துவிடலாம். எல்லா மொட்டும் புற்றுநோயாவதில்லை. பத்தில் ஒன்றுகூட ஆவதில்லை. ஆனால் எது ஆகும், எது ஆகாது என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தது கவலைக்குரியது. அதனால்தான் கண்ணில் பட்டதை அங்கேயே எடுத்துவிடுகிறோம்.

அப்படி எடுத்த ஒன்றைச் சொல்கிறேன். துறைமுகத்தில் ஒப்பந்த வேலை பார்த்தவர், 58 வயது. உங்கள் அப்பாவைப் போலவே, மூலம் என்று நம்பிக்கொண்டிருந்தவர். மகள் பிடிவாதமாக இழுத்து வந்தாள். இடப்பக்கக் குடலில் கருவி வளைந்து திரும்பியதும் திரையில் அது வந்து நின்றது. காளானைப் போலத் தண்டும் தலையுமாக, தலை மட்டும் செக்கச்சிவந்து, குடல் அசையும்போதெல்லாம் கூடவே ஆடிக்கொண்டு. டாக்டர் கருவியின் வழியே மெல்லிய கம்பிச் சுருக்கு ஒன்றை அனுப்பினார். நான் இந்தப் பக்கம் கைப்பிடியைப் பிடித்திருந்தேன். சுருக்கு தலையைத் தாண்டி இறங்கித் தண்டைக் கவ்வியது. "மெதுவாக மூடுங்கள், சிஸ்டர்" என்றார். மூடினேன். மின்சாரம் பாய்ந்ததும் தண்டு வெள்ளையாக வெளுத்து, தலை தனியே விழுந்தது. அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவருக்கு எதுவும் வலிக்கவில்லை. மாலையில் வார்டுக்கு வெளியே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எடுத்த மொட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்த பயாப்சி முடிவு பத்து நாளில் வந்தது: செல்கள் மிக மோசமாக ஒழுங்கு கெட்டிருந்தன, ஆனால் தண்டுக்குள் இறங்கவில்லை. அறுவை சிகிச்சை இல்லை, கீமோ இல்லை. மூன்று ஆண்டு கழித்து மறுபடி பார்க்க வந்தார், குடல் சுத்தமாக இருந்தது. அந்த மொட்டை அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத்தான் அதே அறையில் மற்ற நாட்களில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு வலிக்கவில்லை என்று சொன்னேன் அல்லவா? அதுதான் இந்த நோயின் பெரிய சூழ்ச்சி. குடலின் உட்சவ்வை வெட்டினாலும் சுட்டாலும் வலி தெரியாது. காற்றால் உப்பினால் வலிக்கும், முறுக்கினால் வலிக்கும். உள்ளே ஒன்று வளர்ந்தால் வலிக்காது. "வலியே இல்லையே அக்கா, இது எப்படிப் பெரிய நோயாக இருக்கும்?" என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். வலி வரும்போது, குடல் அடைபடத் தொடங்கிவிட்டது அல்லது கட்டி சுவரைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

வலிக்கு முன்னால் உடல் வேறு விதமாகச் சொல்லும். அது கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்தது. இடப்பக்கக் குடல் குறுகலானது, அங்கே வருவதற்குள் மலம் கெட்டியாகிவிடும். ஆகவே அங்கே கட்டி வந்தால் போக்கு மாறும்: சில நாள் மலச்சிக்கல், சில நாள் பேதி, மலம் மெலிந்து வருவது, கண்ணுக்குத் தெரியும் இரத்தம். மலக்குடலில் என்றால், போய் வந்த பிறகும் இன்னும் மீதி இருப்பது போலவே தோன்றும், சளி போகும். வலப்பக்கமோ அகலமானது, உள்ளே இருப்பதும் கூழ் போன்றது. அங்கே கட்டி எலுமிச்சை அளவு வளர்ந்தாலும் அடைப்பு வராது. இரத்தம் மட்டும் கசியும். கூழோடு கலந்துவிடுவதால் அது கண்ணுக்கே தெரியாது. உடம்பு வெளுக்கும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். அவ்வளவுதான் அறிகுறி.

கொருக்குப்பேட்டையில் இட்லிக் கடை வைத்திருந்த ஓர் அம்மாவை என்னால் மறக்க முடியவில்லை. 49 வயது. மாவுச் சட்டியைத் தூக்க முடியவில்லை என்று தொடங்கியது. மாதவிடாய் நிற்கிற வயது, இரத்தம் குறையத்தான் செய்யும் என்று இரண்டு ஆண்டுகள் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். மாத்திரை சாப்பிட்டால் கொஞ்சம் ஏறும், நிறுத்தினால் இறங்கும். தொட்டியில் தண்ணீர் நிற்கவில்லை என்றால் ஊற்றிக்கொண்டே இருப்போமா, ஓட்டை எங்கே என்று பார்ப்போமா? அவர் எங்களிடம் வந்தபோது கட்டி வலப்பக்கக் குடலின் பாதி வட்டத்தைப் பிடித்திருந்தது. குடலை ஒட்டிய சிறு முடிச்சுகளான நிணநீர்க் கணுக்களுக்கும் பரவியிருந்தது. அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்து அவர் அடுப்புக்குத் திரும்ப ஓராண்டு ஆயிற்று. நம் பெண்களுக்கு இரத்தசோகை என்றாலே 'சத்துக் குறைவு' என்று முடித்துவிடுகிறோம். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும், எந்த வயது ஆணுக்கும், இரும்புச்சத்துக் குறைந்து இரத்தசோகை வந்தால் குடலில் எங்கோ கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இதை அடித்துச் சொல்கிறேன்.

இனி மூலத்துக்கு வருகிறேன். வடசென்னையில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் 'மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்' என்று எழுதியிருக்கிறது. இரத்தம் போனால் 'உடம்புச் சூடு' என்கிறோம். இளநீர் குடிக்கிறோம், துத்திக் கீரையும் கருணைக்கிழங்கும் சமைக்கிறோம். அவை நல்ல உணவுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் துத்தி இலை பாலிப்பை உதிர்க்காது. மூலத்தில் இரத்தம் பெரும்பாலும் பளிச்சென்று சிவப்பாக, மலம் கழித்த பின் சொட்டும், அல்லது மலத்தின் மேலே கோடு போல ஒட்டியிருக்கும். கட்டியிலிருந்து வருவது மலத்தோடு கலந்து, சற்றுக் கருத்து, சளியோடு வரலாம். இப்படிச் சொல்லிக்கொடுக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. ஏனென்றால் மலக்குடல் கட்டியும் பளிச்சென்ற சிவப்பில் கசியும். மேலும் மூலம் என்பது ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிறது. அது இருப்பதால் மேலே கட்டி இல்லை என்று ஆகிவிடாது. இரண்டும் சேர்ந்தே இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நிறத்தை வைத்து வீட்டில் தீர்ப்பு எழுதாதீர்கள்.

எட்டு மாதத்தில் அப்பாவை எந்த மருத்துவராவது ஆசனவாய்க்குள் விரல் விட்டுப் பரிசோதித்தாரா என்று கேளுங்கள். கையுறை போட்ட ஒரு விரல், ஒரு நிமிடம், காசு எதுவும் இல்லை. மலக்குடலின் கீழ்ப்பகுதிக் கட்டிகள் பலவற்றை அந்த விரலே தொட்டுவிடும். மேலை நாடுகளை ஒப்பிட்டால் நம் நாட்டில் பெருங்குடல் புற்றுநோய் குறைவு. ஆனால் வருகிறவர்களில் மலக்குடலில் வருபவர்களின் பங்கு அதிகம், இளம் வயதினரும் அதிகம். அப்படியிருந்தும் இந்தப் பரிசோதனை நடப்பதில்லை. நோயாளிக்கு வெட்கம், மருத்துவருக்கு நேரமில்லை. களிம்பு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். என் சொந்தச் சித்தப்பாவுக்கும் இதுதான் நடந்தது. ஒரு கிளினிக்கில் ஏழு முறை களிம்பு எழுதினார்கள், ஒரு முறைகூட அவரைப் படுக்கவைத்துப் பார்க்கவில்லை. எட்டாவது முறை நான் வேறு இடத்துக்கு அழைத்துப் போனேன். கட்டி விரல் நுனியிலேயே இருந்தது.

சென்னைக்கும் இந்த நோய்க்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். அந்த வேதனையைப் பல ஆண்டுகள் சுமந்துதான் 1954ல் அவர் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார், 12 படுக்கைகளோடு. அன்று அந்தத் தங்கைக்கு இல்லாத வசதி இன்று நம் ஊரிலேயே இருக்கிறது.

முன்கூட்டியே தெரிந்து என்ன ஆகப் போகிறது என்று கேட்டீர்கள். அப்பாவின் வேலையை வைத்தே சொல்கிறேன்.

கட்டி குடல் சுவருக்குள்ளேயே இருக்கும்போது பிடித்துவிட்டால், அந்தப் பகுதிக் குடலை வெட்டி இரண்டு முனையையும் இணைத்துவிடுவார்கள். பலருக்கு அத்தோடு சிகிச்சை முடிந்தது. இரண்டு மூன்று மாதத்தில் பழைய வேலைக்குப் போகலாம். சுவரைத் தாண்டி நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிவிட்டால் அறுவைக்குப் பிறகு மூன்று முதல் ஆறு மாதம் கீமோ வேண்டும். அதில் வழக்கமாகக் கொடுக்கும் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற ஊசி மருந்துக்கு ஒரு குணம் உண்டு: குளிர்ந்த பொருளைத் தொட்டால் விரல்களில் ஊசி குத்துவது போலச் சுரீர் என்று இழுக்கும். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை பிடிக்கும். ஃபிரிட்ஜைத் திறக்கக்கூடக் கையுறை போட்டுக்கொள்ளச் சொல்வோம். சிலருக்கு மருந்தை நிறுத்திய பிறகும் விரல் மரத்துப்போவது மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். விடியற்காலை மூன்று மணிக்கு ஐஸ் உடைத்துப் பிழைக்கிற மனிதருக்கு இது என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மருந்து உயிரைக் காக்கிற மருந்து, தேவைப்பட்டால் தயங்காமல் போட்டுக்கொள்ள வேண்டும். தேவைப்படாத கட்டத்திலேயே பிடித்துவிட முடியும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

அதையும் தாண்டினால் கட்டியின் செல்கள் இரத்தத்தோடு போய்ப் பெரும்பாலும் கல்லீரலில் இறங்கும், ஏனென்றால் குடலிலிருந்து வரும் இரத்தம் முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. அப்போதும் சிகிச்சை உண்டு; கல்லீரலில் ஓரிரு இடத்தில் மட்டும் இருந்தால் அதையும் வெட்டி எடுத்துக் குணமானவர்கள் உண்டு. ஆனால் வாய்ப்பு மிகவும் சுருங்கிவிடுகிறது. அமெரிக்கக் கணக்கு ஒன்று: குடலோடு நிற்கும்போது கண்டுபிடிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பேர் ஐந்து ஆண்டுகளைக் கடக்கிறார்கள். தொலைவில் உள்ள உறுப்புகளுக்குப் பரவிய பிறகு என்றால் அது ஏறத்தாழ 15 பேர். நோய் ஒன்றுதான், மருத்துவமும் ஒன்றுதான், கண்டுபிடித்த நாள்தான் வேறு.

இன்னொன்று, அப்பா வாய்விட்டுச் சொல்லாமல் பயப்படுவது இதற்காகத்தான் இருக்கும்: வயிற்றில் துளையிட்டு, மலம் வந்து சேர வெளியே மாட்டும் பை. குடல் முழுவதும் அடைபட்டு, வயிறு உப்பி, வாந்தியோடு நள்ளிரவில் அவசரமாக வருகிறவர்களுக்குத்தான் அந்தப் பை அதிகம் தேவைப்படுகிறது. வீங்கிய குடலை அப்போதே இணைத்துத் தைப்பது ஆபத்து. நிதானமாக, நாள் குறித்துச் செய்யும் அறுவையில் பெரும்பாலானவர்களுக்கு நிரந்தரப் பை இல்லை. ஆசனவாய்க்கு மிக அருகில் கட்டி இருந்தால் மட்டும் அது வேறு பேச்சு. பைக்குப் பயந்து பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவர்தான் பையை நோக்கி நடக்கிறார் என்று அவரிடம் சொல்லுங்கள். பை வைத்துக்கொண்டு மார்க்கெட்டில் வியாபாரம் செய்பவர்களும் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை. இப்போது வந்திருக்கும் ஃபிட் என்ற வகைக்குப் பத்தியம் வேண்டாம். மனித இரத்தத்தை மட்டுமே காட்டும், முந்தின நாள் ஆட்டுக்கறி சாப்பிட்டிருந்தாலும் குழப்பாது. பழைய வகைப் பரிசோதனையை வைத்தே அமெரிக்காவின் மினசோட்டாவில் 46 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஆய்வு செய்தார்கள். ஆண்டுதோறும் பரிசோதித்துக்கொண்டவர்களில் இந்த நோயால் ஏற்படும் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 1993ல் தெரிந்தது. அந்த நாட்டில் இப்போது 45 வயதிலேயே பரிசோதனையைத் தொடங்கச் சொல்கிறார்கள். நம் நாட்டில் அரசு தேடி வந்து பரிசோதிப்பது வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்குத்தான். குடலுக்கு நாமாகத்தான் போய்க் கேட்க வேண்டும். ஆனால் உங்கள் அப்பா இந்த மலப் பரிசோதனைக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். இரத்தம் கண்ணாலேயே தெரிகிறது. அவருக்கு கொலோனோஸ்கோபிதான். மலப் பரிசோதனையில் ஒருமுறை 'இல்லை' என்று வந்துவிட்டது என்று யாராவது சமாதானம் சொன்னால் கேட்காதீர்கள். கட்டி எல்லா நாளும் கசிவதில்லை.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. அப்பாவுக்குக் கட்டி என்று உறுதியானால், நீங்களும் உங்கள் உடன்பிறந்தவர்களும் 40 வயதிலேயே கொலோனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும். அவருக்கு 50 வயதுக்கு முன்பே வந்திருந்தால், வந்த வயதிலிருந்து பத்தைக் கழித்துக்கொள்ளச் சொல்வோம். தாத்தா, அத்தை, பெரியப்பா யாராவது குடல் அல்லது கருப்பைப் புற்றுநோயில் இளவயதில் போயிருக்கிறார்களா என்று பாட்டியிடம் விசாரியுங்கள். நகல் பிழையைத் திருத்தும் மரபணுவே பிறவியில் பழுதாக இருக்கும் குடும்பங்கள் உண்டு. லிஞ்ச் சிண்ட்ரோம் என்பார்கள். அங்கே பத்து ஆண்டு அவகாசம் இரண்டு மூன்று ஆண்டாகச் சுருங்கிவிடும். 'வயிற்றுவலியில் போனார்' என்று நம் வீடுகளில் சொல்வதற்குப் பின்னால் பல சமயம் இது ஒளிந்திருக்கும்.

எதனால் வந்தது என்று அப்பாவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாதீர்கள். புகை, சாராயம், உடல் பருமன், சர்க்கரை நோய், நார்ச்சத்து இல்லாத சாப்பாடு எல்லாம் வாய்ப்பைக் கூட்டும். பதப்படுத்திய இறைச்சியை நாள்தோறும் 50 கிராம் தின்றால் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015ல் சொன்னது. மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சியை அதே அமைப்பு 'அநேகமாகக் காரணமாகலாம்' என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நம் பகுதி மக்களின் சாப்பாட்டைப் பழிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. அளவாகச் சாப்பிடலாம், கீரையும் பயறும் கூடச் சேரட்டும். இவை எதுவுமே இல்லாதவருக்கும் இந்த நோய் வருகிறது. வயதே பெரிய காரணம்.

ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கே போகலாம். உங்கள் பாட்டி கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லியிருப்பார், அதுதான். குடல், இரைப்பைக்கென்றே அங்கே தனித் துறை இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் அறுவையும் கீமோவும் அடங்கும். காப்பீட்டு அட்டை இல்லை என்றால் இப்போதே ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்து வையுங்கள்.

அப்பாவுக்குக் கூச்சம்தான் பெரிய தடை என்று நினைக்கிறேன். அவரிடம் இப்படிச் சொல்லுங்கள். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைப்போம். பின்பக்கம் மட்டும் திறந்த கால்சட்டையோ, மேலே போர்வையோ இருக்கும். தூக்கம் வருவதற்கு ஊசி போடுவோம். விரல் பருமனுள்ள, வளையக்கூடிய குழாய். அரைமணி நேரம். காற்று அடைப்பதால் வயிறு உப்பினது போல இருக்கும், பிறகு போய்விடும். குடலில் ஓட்டை விழுவது, இரத்தக் கசிவு போன்ற ஆபத்துகள் உண்டு, ஆனால் அரிது. எதற்கும் ஆயத்தமாகத்தான் இருப்போம். அந்த அறையில் இருக்கும் எங்கள் கண்கள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும், அவரை அல்ல.

கஷ்டமான பகுதி முந்தின நாள்தான். ஒரு வாரத்துக்கு முன்பே இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்த வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது மலத்தைக் கருப்பாக்கிச் சுவரில் ஒட்ட வைக்கும். சர்க்கரை மாத்திரையோ, இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையோ சாப்பிட்டால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டு நாளைக்குக் கீரை, கொய்யா, தக்காளி விதை எதுவும் வேண்டாம். விதை கருவியின் குழாயை அடைக்கும். முந்தின நாள் வடிகட்டிய கஞ்சித் தண்ணீர், தெளிந்த ரசம், இளநீர். பாலும் மோரும் கூடாது, சிவப்பு நிற ஜூஸும் கூடாது, உள்ளே பார்க்கும்போது இரத்தம் போலத் தெரியும். பேதிப் பொடியைச் சொன்ன அளவுத் தண்ணீரில் கலந்து குளிர வைத்து, எலுமிச்சை பிழிந்து, கால்மணிக்கு ஒரு டம்ளர் வீதம் கொடுங்கள். ஒரே மூச்சில் குடிக்கச் சொன்னால் வாந்தி எடுத்துவிடுவார். பாதியில் 'போதும்' என்பார், விடாதீர்கள். குடல் சுத்தமாக இல்லை என்றால் சின்ன மொட்டு கண்ணில் படாமலே போய்விடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். உங்கள் தெருவில் பொதுக் கழிப்பறை என்றால் அன்றிரவு மட்டும் கழிப்பறை உள்ள உறவினர் வீட்டில் தங்க வையுங்கள். கடைசியாகப் போவது எலுமிச்சைச் சாறு நிறத்தில், துகள் இல்லாமல், வெறும் தண்ணீராகப் போக வேண்டும். அதை நீங்களே பார்த்துவிட்டு ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.